கை தெரிகிறதா என்று பாருங்கள்

தாண்டிக்குடியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்கு மதுரையிலிருந்து நாத்தனாரின் பிள்ளைகள் வருகிறார்கள். மூத்தவனுக்குப் பதின்மூன்று, இளையவளுக்கு ஒன்பது. கூடவே மாமியாரும் வருகிறார். அவர் இளம் வயதில் வீணை கற்றவர். வீட்டில் ஒரே ஒரு டிவி. பகலெல்லாம் காப்பிப் பழம் எடுக்கிற வேலை. ஆறு மணிக்கு மேல் பனி இறங்கிவிட்டால் பிள்ளைகளை வெளியே விட முடியாது. சீரியலும் பாட்டுப் போட்டியும் அல்லாமல் இசை, நடனம், ஓவியம் என்று உருப்படியாகப் பார்க்க எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது கேள்வி.

நான் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் முப்பது வருடத்துக்கு மேல் ரேடியோவும் டிவியும் பழுது பார்த்தவன். சங்கீதம் முறையாகக் கற்றவனில்லை. ஆனால் பழுது நீக்கிய பெட்டியை அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பார்க்காமல் உரியவர் கையில் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் தொழில் தருமம். அந்த அரை மணி நேரத்துக்கு நான் கச்சேரியையோ நடனத்தையோதான் தேடி வைப்பேன். மனித முகத்தின் நிறமும் தம்புராவின் சுருதியும் சரியாக வந்துவிட்டால் மற்றவை எல்லாம் சரியாகவே இருக்கும். அப்படிச் சோதித்துப் பார்த்தே எனக்கு ஒரு ருசி ஏற்பட்டுவிட்டது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு விடையை நான் கற்றுக்கொண்டது 1990களின் நடுவில், பண்ணைக்காட்டில் ஒரு வீட்டில். படம் வருகிறது, சத்தம் வரவில்லை என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். போய்ப் பார்த்தால், கோயிலில் தவில் வாசித்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அந்த ஊமைப் பெட்டியின் முன் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார். திரையில் கச்சேரி, மிருதங்கக்காரர் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் நடக்கிறது. “இப்போது திறக்காதே, இது முடியட்டும்” என்று என்னைத் தடுத்துவிட்டார். ஸ்க்ரூடிரைவரும் கையுமாக நின்றேன். மிருதங்கக்காரரின் விரல்களைப் பார்த்தபடியே, “திஸ்ரம் போகிறான்... இதோ கோர்வைக்கு வருகிறான்” என்று, தாள நடை மாறுவதையும் முடிவுக் கோப்பு வருவதையும் சொல்லிக்கொண்டே வந்தார். திரையில் பாடகரின் கை, தாளம் தொடங்குகிற இடமான சமத்தில் விழுந்த அதே நொடியில் இவர் கையும் தொடையில் விழுந்தது. சத்தமே இல்லாமல் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். “கை தெரிகிறதே, அப்புறம் என்ன?” என்றார்.

ஸ்பீக்கர் காயில் அறுந்திருந்தது. மாற்றினேன். சத்தம் வந்தபோது கச்சேரியின் கடைசியில் வரும் சின்ன உருப்படிகளான துக்கடாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. வயலின்காரர் ஏதோ நுணுக்கமாக இழைக்கிறார். கேமராவோ மேடையோரத்துக் குத்துவிளக்கையும் சாமந்தி அலங்காரத்தையும் சுற்றிச் சுற்றி வருகிறது. பெரியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, “இதற்கு நீ வராமலே இருந்திருக்கலாம்” என்றார். கூலியை மட்டும் குறைக்காமல் கொடுத்தார்.

அன்று முதல் எனக்கு இது ஒன்றுதான் அளவுகோல். கேட்டாலே போதும் என்கிற இசைக்கு வானொலி இருக்கிறது. நம் மலையில் கோடை பண்பலை 100.5 இருக்கிறது. டிவியை எதற்குப் போட வேண்டும்? பார்த்தால்தான் விளங்கும் என்கிற ஒன்றுக்காக. வீணையில் இடது கை, மிருதங்கத்தில் இரண்டு கைகளும், நாகஸ்வரத்தில் கன்னமும் மூச்சும், அபிநயத்தில் கண், ஓவியனுக்குத் தூரிகை பிடித்த கை. கச்சேரி மண்டபத்தில் முதல் வரிசை டிக்கெட் வாங்கியவருக்குக்கூட இவ்வளவு பக்கத்தில் கிடைக்காது. ஆகவே பெரிய பெயரா, புதிய நிகழ்ச்சியா என்று பார்க்காதீர்கள். முதல் ஐந்து நிமிடம் பாருங்கள். கேமரா ஒரு கையின் மேல் பத்து விநாடியாவது நிலைத்து நிற்கிறதா? நின்றால் உட்காருங்கள். மூன்று விநாடிக்கு ஒருமுறை கோணம் மாறி, நடுநடுவே கூட்டத்தில் யாரோ தலையாட்டுவதைக் காட்டினால் அணைத்துவிட்டு ரேடியோவைப் போடுங்கள்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பழைய தூர்தர்ஷன் பதிவுகள்தான் பல புதிய நிகழ்ச்சிகளைவிட மேல். அந்தக் காலத்து ஸ்டூடியோவில் கேமரா குறைவு, கனமும் அதிகம். வைத்த இடத்தில் நிற்கும். வித்வானின் விரலை ஐந்து நிமிடம் தொடர்ந்து காட்டும். அழகுணர்ச்சியால் அப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், வேறு வழியில்லாமல் செய்ததாகவே இருக்கலாம், ஆனால் லாபம் நமக்கு. பிரசார் பாரதியின் ஆவணக் காப்பகம் யூடியூபில் இவற்றை வைத்திருக்கிறது. கருப்பு வெள்ளை என்று பிள்ளைகள் முதலில் முணுமுணுப்பார்கள். மாமியாருக்குக் கண் கலங்கும்.

இங்கே ஒரு பழைய கதை சொல்லாமல் இருக்க முடியவில்லை. சென்னைக்குத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்றே வந்துவிட்டது. எங்கள் பக்கத்துக்கு அது எட்டவில்லை. இலங்கையில் 1982இல் ரூபவாஹினி தொடங்கியது; அதன் அலைகள் பிதுருதலாகலை மலை உச்சியிலிருந்து கிளம்பி, மன்னார் வளைகுடாவைத் தாண்டி நம் மலைகளில் வந்து முட்டின. உயரமான குழாயில் ஆன்டெனாவைக் கட்டி, பூஸ்டர் வைத்து, கூரைமேல் ஒருவர் திருப்ப, கீழேயிருந்து ஒருவர் “வருகிறது, வருகிறது, போய்விட்டது” என்று கத்த, புள்ளி புள்ளியாகப் படம் தெரியும். சிங்கள மொழி யாருக்குத் தெரியும்? கண்டி நடனம் காட்டினால் தெருவே உட்கார்ந்து முழுதாகப் பார்த்தது. வந்ததைப் பார்த்தோம், முடியும்வரை பார்த்தோம். பிறகு கொடைக்கானலிலேயே தூர்தர்ஷனின் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்ததும் என் கடையில் பூஸ்டர் வியாபாரம் படுத்தது. இப்போது விரல் நுனியில் ஆயிரம் இருப்பதால், எதையும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பார்க்காத நோய் வந்திருக்கிறது. எனவே முதல் நிபந்தனை: ஒரு மாலைக்கு ஒன்று, அதை முழுதாக. பழம் எடுத்து, அளந்து, தோலுரிக்கிற பல்ப்பரில் போட்டு முடித்து நீங்கள் வந்து உட்காரவே ஏழரை ஆகும். நாற்பது நிமிடம் தாராளம்.

இனி எவை என்று வருகிறேன்.

கச்சேரி என்றால் மார்கழி. உங்கள் விடுமுறையும் சரியாக அதற்குள் விழுகிறது. ஜெயா டிவியின் மார்கழி மகோத்சவம் ஒன்று. 2024 ஜனவரியில் பொதிகை என்ற பெயரை மாற்றிக்கொண்ட டிடி தமிழ் இன்னொன்று. 2002 குடியரசு தினத்தில் தொடங்கிய டிடி பாரதி கலைகளுக்கென்றே உள்ள சேனல். வடக்கத்திய இசையும் நடனமும் நிறைய வரும், பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மாதக் கட்டணம் கட்டச் சுணங்குகிறவர்கள் டிடி ஃப்ரீ டிஷ் வைத்தால் இந்த இரண்டு டிடி சேனல்களும் கட்டணமில்லாமல் கிடைக்கும்.

ஆனால் பிள்ளைகளை ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரியின் தொடக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைக்காதீர்கள். வர்ணத்தில் ஆரம்பித்து, விரிவான ஆலாபனைக்கு வருவதற்குள் சின்னவள் தூங்கிவிடுவாள். வாத்தியக் கச்சேரியாகப் பாருங்கள். அதையும் தனி ஆவர்த்தனத்திலிருந்து தொடங்குங்கள். ரசிகர்கள் என்னை அடிக்க வரலாம். மண்டபத்தில் தனி தொடங்கியதும் எழுந்து கேன்டீனுக்குப் போகிறவர்களைப் பற்றி எத்தனை வருடமாகப் புலம்புகிறோம்! வீட்டிலாவது அதற்கு முதல் மரியாதை கிடைக்கட்டும். தனி, அதன் பின் துக்கடாக்கள், மங்களம் என்று நாற்பது நிமிடம் சரியாக வரும். மறுநாள் அதே கச்சேரியை முதலிலிருந்து வைத்தால், நேற்றுப் பார்த்த மிருதங்கக்காரர் பாட்டுக்கு அடங்கி எப்படி வாசிக்கிறார் என்று மூத்தவனே கவனிப்பான்.

அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். மிருதங்கத்தில் வலந்தலை என்கிற சிறிய முகத்தில் கருப்பு வட்டம் இருக்கும்; தொப்பி என்கிற மறுபக்கத்தில் ரவையைக் குழைத்து அப்பியிருப்பார்கள். எந்தப் பக்கத்தை எந்தக் கையால் வாசிக்கிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் வலது கை வலந்தலையில் இருக்கும். இடது கைக்காரரானால் எல்லாம் தலைகீழ். நம் மலையடிவாரத்துப் பழனியின் பெயரைத் தாங்கிய பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர்தான். அவர் வாசித்தால் மிருதங்கமும் வயலினும் மேடையில் இடம் மாறி உட்கார வேண்டும். அதற்குத் தயங்கிய பாடகர்கள் இருந்த காலத்தில் செம்பை வைத்தியநாத பாகவதர் அவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டார். பிள்ளைவாள் 1962இல் மறைந்தார். சென்னைக்கு டிவி வர அப்போது இன்னும் பதின்மூன்று வருடம் இருந்தது. அந்தக் கையை நாம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அவருடைய சீடர் திருச்சி சங்கரன் வாசிப்பதைப் பார்க்கலாம். கனடாவில் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர், தனியாக மிருதங்கம் மட்டும் வாசித்து விளக்கும் பதிவுகளும் இருக்கின்றன.

நாகஸ்வரக் கச்சேரி கிடைத்தால் விடாதீர்கள். வாத்தியத்தின் மேல்முனையில் நூலில் கட்டிச் சிறு சிறு துண்டுகள் தொங்கும். அவை வாயில் வைத்து ஊதுகிற சீவாளிகள், மாற்றுக்காக வைத்திருப்பவை, நாணல் தட்டையில் செய்தவை. வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றைக் கழற்றி, அடுத்ததை உதட்டில் வைத்து ஈரமாக்கிச் செருகி, இரண்டு ஊது ஊதிப் பார்த்துவிட்டுப் பாட்டில் மறுபடி சேர்ந்துகொள்வார் வித்வான். பக்கத்தில் தவில்காரரின் வலது கை விரல்களில் வெள்ளையாகக் கூடு மாட்டியிருக்கும். இடது கையில் கழி. இதையெல்லாம் கல்யாண வீட்டில் யாரும் பார்ப்பதில்லை, பந்திக்கு ஓடுகிற அவசரம். டிவியில் பார்த்துவிட்டுத் தை மாதம் பழனிக்குப் போகும்போது கோயிலில் நேரில் நின்று பார்க்கட்டும்.

வீணைக்கு உங்கள் மாமியார் இருக்கிறார். நான் என்ன சொல்வது? தந்தியை அழுத்துகிற மெட்டுகள் 24, வாசிக்கிற தந்தி நான்கு, தாளத்துக்கு மூன்று என்பதுவரை எனக்குத் தெரியும். ஒரே மெட்டில் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இரண்டு மூன்று சுரங்களை எப்படி வரவழைக்கிறார்கள் என்பதை அவர் காட்டினால்தான் விளங்கும். டிவிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்காரவையுங்கள். ரிமோட்டும் அவரிடமே இருக்கட்டும். வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஒரு துணி உலர்த்தும் கழியை மடியில் வைத்தாவது செய்து காட்டச் சொல்லுங்கள். வெட்கப்படுவார். பேத்தி கேட்டால் காட்டுவார்.

காலை வேளைக்கு மட்டும் என் அளவுகோலைத் தளர்த்திக்கொள்கிறேன். மார்கழியில் விடிகாலை எந்தச் சேனலைத் திருப்பினாலும் திருப்பாவை வரும். முப்பது பாசுரம், நாளுக்கு ஒன்று. மார்கழி முதல் தேதி பெரும்பாலும் டிசம்பர் 16இல் வருவதால், பிள்ளைகள் வந்து இறங்கும் 24ஆம் தேதி ‘தூமணி மாடத்து’. புத்தாண்டுக் காலையில் ‘அம்பரமே தண்ணீரே சோறே’. இன்று கச்சேரிகளில் கேட்கிற மெட்டுகள் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்தவை. நாட்டையில் தொடங்கிச் சுருட்டியில் முடியும். எம்.எல். வசந்தகுமாரியின் குரலில்தான் பல வீடுகளில் அவை நுழைந்தன. இது கேட்பதற்கானது. அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டே கேட்டால் போதும், திரையைப் பார்க்க வேண்டியதில்லை.

நடனத்துக்கு நான் பரிந்துரைப்பது ஒன்றே ஒன்று. சத்யஜித் ராய் 1976இல் எடுத்த ‘பாலா’. பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றிய ஆவணப்படம், 33 நிமிடம். வீணை தனம்மாளின் பேத்தி. சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதை 1973இல் பெற்றவர், நடனக் கலைஞர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுதான் முதல் தடவை. படம் எடுத்தபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. கடற்கரையில் நின்று ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’வுக்கு அபிநயம் பிடிக்கிறார். காற்று புடவையை இழுக்கிறது, பின்னால் அலை வந்து வந்து போகிறது, அந்த அம்மாள் எதையும் பொருட்படுத்தவில்லை. இல்லாத ஒரு குழந்தையை வா வா என்று கூப்பிடுகிறார். கூப்பிடுகிற கை ஒவ்வொரு தடவையும் வேறு; ஒருமுறை கெஞ்சல், ஒருமுறை பொய்க் கோபம், ஒருமுறை தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிற ஆசை. நேர்த்தியான மேடையில் எடுத்திருக்க வேண்டும் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. காற்று பலமாக அடிக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்பது வயதுப் பெண் பிள்ளை பரதநாட்டியம் என்றால் வேகமும் ஜதியும் பளபளப்பும்தான் என்று நினைத்துக்கொண்டு வருவாள். வயதான ஒரு பாட்டி சும்மா நின்றபடி ஒரு குழந்தையை உண்டாக்கிக் காட்டுவதை அவள் ஒருமுறை பார்க்க வேண்டும். வர்ணனை ஆங்கிலத்தில் இருக்கிறது. மூத்தவனை மொழிபெயர்க்கச் சொல்லுங்கள், அதுவும் அவனுக்கு ஒரு வேலை.

ராயின் இன்னொரு படம் ‘தி இன்னர் ஐ’, 1972, இருபதே நிமிடம். சாந்திநிகேதனத்து ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜியைப் பற்றியது. பிறவியிலேயே பார்வைக் குறைபாடு உள்ளவர். பின்னாளில் கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பார்வை முழுவதும் போய்விட்டது. அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. காகிதத்தைத் தடவி மடித்து வெட்டி ஒட்டுகிறார், களிமண்ணைப் பிசைந்து உருவம் பிடிக்கிறார். விரல்கள் ஒரு விளிம்பில் நின்று, யோசித்து, மேலே போவதைக் கேமரா பக்கத்திலிருந்து பார்க்கிறது. பண்ணைக்காட்டுப் பெரியவர் சத்தமில்லாமல் கேட்டார், இவர் கண்ணில்லாமல் வரைகிறார். இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்த மாலைகளில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு எதுவும் நேரமில்லை என்றால் இவ்விரண்டு போதும்.

சின்னவளுக்குப் படம் வரையப் பிடிக்குமென்றால், டிவியில் ஓவியம் வரைந்து காட்டிய அமெரிக்காவின் பாப் ராஸ். 1983இலிருந்து 1994வரை 403 பகுதிகள், ஒவ்வொன்றும் அரை மணிக்குள். அந்த அரை மணியில் வெறுங்கித்தானில் தொடங்கி ஒரு முழு நிலக்காட்சியை முடித்துவிடுவார். அடங்கிய குரல், அவசரமில்லாத கை. யூடியூபில் இலவசம். மலை, ஏரி, ஊசியிலை மரம் என்று நம் ஊரைப் போலவே இருக்கும். ஆனால் அவர் மனதில் இருந்தது ராணுவ வேலையில் பார்த்த அலாஸ்காவின் பனிமலை. ஒரு எச்சரிக்கை: அவர் ஈரமான எண்ணெய் வண்ணத்தின் மேல் இன்னொரு ஈர வண்ணத்தைத் தீட்டுகிறவர். பள்ளிக்கூடத்து வாட்டர் கலரில் அதே மாதிரி செய்யப் போனால் எல்லாம் கலந்து சேறாகும், குழந்தை அழும். எனக்கு அனுபவம் உண்டு. என் மகள் அழுதாள். காகிதத்தை முதலில் ஈரத் துணியால் துடைத்துவிட்டு, மங்கலான தூர மலையை முதலில், பக்கத்து மலையைக் காய்ந்த பின் அழுத்தமாக என்று போடச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து காலை ஏழு மணிக்குத் தெரிவதும் அதுவே. சில்வர் ஓக் கருப்பாக, அடுத்த மேடு சாம்பலாக, அதற்கடுத்தது இருக்கிறதா இல்லையா என்பது போல.

பதின்மூன்று வயதுக்காரன் கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறவனாக இருந்தால், கலை விமர்சகர் ஜான் பெர்ஜர் 1972இல் பிபிசிக்காகச் செய்த ‘வேஸ் ஆஃப் சீயிங்’ நான்கு பகுதிகளில் முதல் பகுதியை மட்டும் காட்டுங்கள். எடுத்த எடுப்பில் புகழ்பெற்ற ஒரு ஓவியத்தைக் கத்தியால் அறுப்பது போல் தொடங்குவார் (அது நகல்தான்). பிறகு வான்கோவின் கோதுமை வயலும் காகங்களும் உள்ள ஓவியத்தைக் காட்டிவிட்டு, தற்கொலைக்கு முன் வான்கோ கடைசியாக வரைந்தது இது என்று சொல்லி மறுபடி காட்டுவார். படம் அதேதான், பார்க்கிற கண் மாறிவிடும். பின்னணி இசையைக் கூட்டினால் இன்னொரு தடவை மாறும். டிவி நம்மை எப்படி ஆட்டிவைக்கிறது என்பதை டிவியே சொல்லிக்கொடுக்கும் அபூர்வம் இது. இரண்டாம் பகுதி ஐரோப்பிய ஓவியத்தில் பெண்ணுடல் பற்றியது. அது பெரியவர்களுக்கானது, மாமியாரோடு உட்கார்ந்து பார்க்கிற சங்கதியும் அல்ல.

அவனுக்கே மேற்கத்திய இசையில் நாட்டம் உண்டென்றால் அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் பிள்ளைகளுக்காக நடத்திய கச்சேரிகள், 1958இலிருந்து 1972வரை 53. முதலாவதில், இசைக்கு அர்த்தம் உண்டா என்று கேட்டு அரங்கம் நிறைந்த சிறுவர்களோடு மல்லுக்கட்டுகிறார். புத்தாண்டு மதியம் நம் நேரம் 3.45க்கு வியன்னா பில்ஹார்மோனிக்கின் கச்சேரி தொடங்கும். 1939 டிசம்பர் 31 அன்று முதலில் நடந்தது, 1959இலிருந்து தொலைக்காட்சியில் வருகிறது. நேரலை கிடைக்காவிட்டாலும் முந்தைய ஆண்டுகளின் பகுதிகள் யூடியூபில் உண்டு. கடைசி உருப்படியான ராடெட்ஸ்கி அணிவகுப்பு இசையில் நடத்துநர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சபையைக் கைதட்ட வைப்பார். எங்கே மெதுவாக, எங்கே பலமாக என்று கையாலேயே அடக்கி எழுப்புவார். பிள்ளைகளும் சேர்ந்து தட்டலாம். கிறிஸ்துமஸ் முந்திய இரவு கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் கேரல் வழிபாடு, 1918இல் தொடங்கி 1928இலிருந்து வானொலியில் வருவது, நம் நேரம் இரவு எட்டரைக்கு. ஆனால் அன்றிரவு நம் மலையில் தேவாலயங்களே பாடும். ஸ்வெட்டரைப் போட்டு நேரில் கூட்டிப்போங்கள்.

பாட்டுப் போட்டி பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள்; தடை போட்டால் உங்கள் கைபேசியில் பார்ப்பார்கள். வாரத்துக்கு ஒருநாள் விட்டுவிடுங்கள். பாடுவது மூன்று நிமிடம், நடுவர் முகமும் தாயார் கண்ணீரும் பன்னிரண்டு நிமிடம் என்று கடிகாரம் வைத்து மூத்தவனையே எண்ணச் சொல்லுங்கள். இரண்டாவது வாரம் அவனே சேனலை மாற்றுவான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், என் பேரன் மாற்றவில்லை.

திருவையாற்றில் தியாகராஜரின் சமாதியில் நடக்கும் ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியன்று, அதாவது புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாள். அநேகமாகப் பள்ளி திறந்த பிறகு ஜனவரியில் வரும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்களில் அவர் இயற்றிய பஞ்சரத்தின கீர்த்தனைகளைப் பாடுவார்கள். காலையில் நேரலையாக டிவியிலும் வானொலியிலும் வரும். நூற்றுக்கணக்கானோர் தரையில் நெருக்கி உட்கார்ந்து ஒரே குரலாகப் பாடுவதைப் பார்க்கத்தான் வேண்டும். அந்தச் சமாதிக்குக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளையே ஆரம்பத்தில் அங்கே பாட விடவில்லை; அவர் போராடிப் பெண்களை அங்கே உட்காரவைத்தார். இன்று அந்தக் கூட்டத்தில் எத்தனை பெண்கள் என்று பாருங்கள். மாமியார் அதுவரை உங்களோடு தங்குவதாக இருந்தால் அவருக்காக அன்று பழம் எடுப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப் போடலாம்.

கடைசியாக, கேட்காத ஒன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தொழில் புத்தி போகவில்லை. இப்போதைய தட்டை டிவிகளில் ஸ்பீக்கர் கீழேயோ பின்னாலேயோ பார்த்திருக்கிறது. சினிமாவுக்கென்று உள்ள ஒலி அமைப்பை மாற்றி, இசை என்றோ சாதாரணம் என்றோ வையுங்கள், பேஸைக் குறையுங்கள். குறைக்காவிட்டால் மிருதங்கத் தொப்பியின் கும்கி என்கிற கனத்த நாதம் எல்லாவற்றையும் விழுங்கி, தம்புரா காணாமல் போகும். பழைய ஆம்ப்ளிஃபையரும் மர ஸ்பீக்கரும் பரணில் கிடந்தால் இறக்கித் துடைத்து இணையுங்கள். இன்றைய விலை உயர்ந்த டிவியின் உள் ஸ்பீக்கரைவிட அது வீணையை நன்றாகப் பேசவைக்கும். இணையம் திக்குகிற இடம் என்பதால் ‘பாலா’வையும் மற்றதையும் வத்தலக்குண்டு போகிற நாளில் யூடியூப் செயலியிலேயே பதிவிறக்கி வைத்துக்கொண்டு, கைபேசித் திரையை டிவியில் காட்டலாம்.

டிஷ் வைத்திருக்கிறீர்கள் என்றால், படம் கட்டம் கட்டமாக உடைவதற்குப் பனிமூட்டத்தைத் திட்டாதீர்கள். மழை சிக்னலைக் கெடுக்கும், மூட்டம் அவ்வளவாகக் கெடுக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்குகிற எல்என்பியின் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருக்கும், பத்தில் எட்டு வீடுகளில் நான் கண்டது அதுதான். கழற்றித் துடைத்து, கேபிள் முனையைப் புதிதாகச் சீவி, ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். கேபிள் கனெக்டருக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். தென்கிழக்கில் சில்வர் ஓக் கிளை வளர்ந்து மறைத்திருந்தால் அதையும் கழித்துவிடுங்கள். காலையில் ஓடு பனியில் நனைந்து பாசி வழுக்கும். ஒன்பது மணிக்கு மேல், வெயில் ஏறிக் காய்ந்த பிறகு ஏறச் சொல்லுங்கள், ஏணியைக் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். பிள்ளைகள் வந்து இறங்குவதற்கு இரண்டு நாள் முன்பே இதைச் செய்துவிட்டால், வந்த அன்று மாலையே தனி ஆவர்த்தனம் வைக்கலாம்.